வீட்டு இன்டர்நெட் கனெக்ஷனை மாற்றப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டு இன்டர்நெட்டை வேறு கம்பெனிக்கு மாற்ற நினைப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கேட்க மறந்து பிறகு அவதிப்படும் சில கேள்விகளும் உண்டு. முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: புதிய கனெக்ஷன் வந்து, அது ஒழுங்காக ஓடுகிறது என்று உறுதியாகும் வரை பழையதை நிறுத்தாதீர்கள்.

நெட் ரொம்ப மெதுவாக இருக்கிறது. கம்பெனியை மாற்றினால் சரியாகிவிடுமா?

சில நேரம் ஆகும், பல நேரம் ஆகாது. கோளாறு எங்கே என்று முதலில் பார்த்துவிடுங்கள். ரவுட்டரிலிருந்து ஒரு லேன் கேபிளை நேராக லேப்டாப்பில் செருகுங்கள். வீட்டில் மற்றவர்களைச் சற்று நேரம் நெட்டைப் பயன்படுத்தாமல் இருக்கச் சொல்லிவிட்டு வேகத்தைச் சோதியுங்கள். ப்ளானில் சொன்ன வேகம் கேபிளில் ஏறக்குறைய வருகிறது, படுக்கையறையில் போனில்தான் வரவில்லை என்றால் லைனில் குற்றமில்லை, வைஃபையில்தான் குற்றம். அந்த நிலையில் கம்பெனியை மாற்றினாலும் புதியவர்கள் அதே மூலையில் அதே மாதிரி ஒரு ரவுட்டரை மாட்டிவிட்டுப் போவார்கள். படுக்கையறை அப்படியேதான் இருக்கும்.

வைஃபை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. புதிய ரவுட்டர்கள் சிலவற்றில் 6 கிகாஹெர்ட்ஸும் உண்டு. 2.4 சுவரைத் தாண்டிப் போகும், ஆனால் வேகம் குறைவு. அக்கம்பக்கத்து வைஃபைகளோடு மோதவும் செய்யும், ஏனென்றால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றுதான். 5 வேகமானது, ஆனால் இரண்டு கான்கிரீட் சுவர்கள் குறுக்கே வந்தால் பலவீனமாகிவிடும். டிவிக்குப் பின்னாலோ இரும்பு அலமாரிக்குள்ளோ தரையோரமாகவோ ரவுட்டர் இருந்தால், வீட்டின் நடுப்பகுதிக்கு, ஆள் உயரத்துக்கு மாற்றிப் பாருங்கள். செலவில்லாத இந்த ஒரு வேலையிலேயே பாதிப் பேரின் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம். பெரிய வீடு, மாடி வீடு என்றால் மெஷ் கருவிகள் (வீட்டின் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையைப் பரப்புபவை) உதவும். இரண்டு மெஷ் கருவிகளுக்கு இடையே கேபிள் இழுக்க முடிந்தால் இன்னும் நல்லது.

கேபிளிலும் வேகம் வரவில்லையா? அப்படியானால் நேரத்தை மாற்றிச் சோதியுங்கள். அதிகாலையில் ஒரு முறை, இரவு 9 மணிக்கு ஒரு முறை, சில நாட்களுக்கு. காலையில் முழு வேகமும் இரவில் பாதியும் வந்தால், அந்தப் பகுதியில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு ஏற்ற கொள்ளளவைக் கம்பெனி வைத்திருக்கவில்லை என்று பொருள். மாறுவதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். எந்த நேரத்திலும் குறைவாகவே வந்தால் லைன் கோளாறாக இருக்கலாம். அதிலும் எண் எப்போதும் 94, 95 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் லேன் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கேபிளில் உள்ள 8 கம்பிகளில் 4 மட்டும் தொடர்பில் இருந்தாலோ, ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலோ இப்படித்தான் காட்டும். கேட் 5இ வகைக் கேபிள் 100 மீட்டர் நீளம் வரை 1 ஜிபிபிஎஸ் (1000 எம்பிபிஎஸ்) வேகத்தைத் தாங்கும், கோளாறு கேபிளில்தான் என்றால் அதை மாற்றினால் போதும்.

சோதனை முடிவுகளை தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக் காலம் முடியும் முன் வெளியேற வேண்டி வந்தால் அவைதான் உங்கள் பக்கம் பேசும்.

எந்தக் கம்பெனி நல்லது?

எல்லோருக்கும் பொருந்தும் பதில் இதற்குக் கிடையாது. ஒரே கம்பெனி ஒரு தெருவில் அருமையாக ஓடும், இரண்டு தெரு தள்ளி அடிக்கடி நின்றுபோகும். லைன் மண்ணுக்கடியில் வருகிறதா, கம்பத்தில் தொங்கி வருகிறதா, ஒரே இழையை எத்தனை வீடுகள் பங்கிடுகின்றன, அறுந்தால் ஒட்ட வருபவர் யார் என்பதையெல்லாம் பொறுத்தது அது. விளம்பரத்தில் இதில் எதுவும் இருக்காது.

அதனால் அக்கம்பக்கத்தில் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் இருப்பவர் சொன்னால் இன்னும் நம்பலாம். "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்றுதான் பதில் வரும். மழை பெய்தால் நிற்கிறதா, இரவில் படம் தங்குதடையில்லாமல் ஓடுகிறதா, கடைசியாகக் கோளாறு வந்தபோது எத்தனை மணி நேரத்தில் ஆள் வந்தார் என்று குறிப்பாகக் கேளுங்கள். என்னைக் கேட்டால் மூன்றாவது கேள்விதான் முக்கியம். வேகம் கொஞ்சம் குறைந்தால் சமாளித்துவிடலாம், நான்கு நாள் நெட்டே இல்லை என்றால் வேலையும் படிப்பும் நின்றுபோகும்.

இன்னொன்று. சில இடங்களில் பல கம்பெனிகள் ஒரே லைனை வாடகைக்கு எடுத்துச் சேவை தருகின்றன. உங்கள் பிரச்சினை அந்த லைனிலேயே இருந்தால், பெயர் மாறும், பிரச்சினை மாறாது. புதிய கம்பெனி தன் சொந்தக் கேபிளை இழுக்கப் போகிறதா, இருப்பதையே பயன்படுத்தப் போகிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஃபைபர், கேபிள், டெலிபோன் லைன், வயர்லெஸ், சாட்டிலைட். இதில் எதை எடுப்பது?

வீடு வரை ஃபைபர் வருமென்றால் அதையே எடுங்கள். கண்ணாடி இழைக்குள் ஒளியாகப் போவதால் தூரத்தாலும் மின்காந்த இடையூறுகளாலும் வேகம் கெடுவதில்லை. பரவலாக இருக்கும் ஜிபான் தொழில்நுட்பத்தில் ஓர் இழையின் கீழ்நோக்கிய கொள்ளளவு ஏறக்குறைய 2.5 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி 1.25. அதைப் பொதுவாக 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். எல்லோரும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் இழுப்பதில்லை என்பதால் இது சரியாகவே நடக்கும்.

"ஃபைபர்" என்று சொல்லித் தெருமுனை வரை மட்டும் ஃபைபர் போட்டு, அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பியில் தருபவர்களும் உண்டு. வீட்டுக்குள் நுழையும் கம்பி எது என்று கேளுங்கள். டெலிபோன் செம்புக் கம்பியில் வரும் டிஎஸ்எல் தூரத்துக்குத் தூரம் இளைக்கும். அதில் விடிஎஸ்எல் சில நூறு மீட்டருக்குள் நல்ல வேகம் தரும், ஒன்றரை கிலோமீட்டர் தாண்டினால் பழைய ஏடிஎஸ்எல் அளவுக்கு இறங்கிவிடும். டிவி கேபிளில் வரும் நெட் டவுன்லோடில் நன்றாக இருக்கும், அப்லோட் பெரும்பாலும் மிகக் குறைவு.

வயர்லெஸ் என்றால் 4ஜி, 5ஜி டவரிலிருந்து வீட்டு ரவுட்டருக்கு வருவது. கேபிள் இழுக்க முடியாத இடத்துக்கு நல்லது, கேட்ட அன்றைக்கே ஓடத் தொடங்கும். ஆனால் வீடு எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, அந்த டவரில் எவ்வளவு கூட்டம் என்பதைப் பொறுத்து வேகம் மாறிக்கொண்டே இருக்கும். எடுப்பதற்கு முன் அதே கம்பெனியின் சிம்மை போனில் போட்டு, ரவுட்டர் வைக்கப் போகும் ஜன்னலோரத்தில் சோதித்துப் பாருங்கள்.

வேறு வழியே இல்லாத இடத்துக்குத்தான் சாட்டிலைட். பழைய வகை சாட்டிலைட்டுகள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பதால் ஒரு கேள்வி போய்ப் பதில் திரும்ப 600 மில்லிசெகண்ட் அளவுக்கு ஆகும். வீடியோ காலில் ஒருவர் பேச்சின் மேல் இன்னொருவர் பேசும்படி ஆகிவிடும். ஏறக்குறைய 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் போன்றவற்றில் இந்தத் தாமதம் சில பத்து மில்லிசெகண்டாகக் குறைந்துவிட்டது, வீடியோ காலுக்கு அது தாராளமாகப் போதும். வானம் மறைக்காத இடம் மட்டும் வேண்டும்.

எத்தனை எம்பிபிஎஸ் எடுத்தால் போதும்?

விற்பவர்கள் சொல்வதைவிடக் குறைவாகவே போதும். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 முதல் 25, ஒரு நல்ல வீடியோ காலுக்கு இரண்டு பக்கமும் 3, 4 எம்பிபிஎஸ். நான்கு பேர் உள்ள வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினாலும் 100 எம்பிபிஎஸ் பெரும்பாலும் போதுமானது. பெரிய கேம்களை அடிக்கடி டவுன்லோட் செய்பவர்கள், வீடியோ எடிட் செய்பவர்கள் இதற்கு மேல் போகலாம்.

அப்லோட் வேகத்தைப் பலர் கேட்பதே இல்லை. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள், குழந்தைகளின் ஆன்லைன் வகுப்பு, போன் படங்களை கிளவுடில் சேமிப்பது, கேமரா பதிவுகள் எல்லாமே அப்லோடில்தான் ஓடுகின்றன. 10 ஜிபி அளவுள்ள வீடியோவை 10 எம்பிபிஎஸ்ஸில் ஏற்ற இரண்டேகால் மணி நேரம் ஆகும், 100 எம்பிபிஎஸ்ஸில் 13, 14 நிமிடத்தில் முடிந்துவிடும். 300 டவுன்லோட், 20 அப்லோட் தரும் ப்ளானைவிட இரு பக்கமும் 100 தரும் ப்ளானையே நான் எடுப்பேன்.

100 எம்பிபிஎஸ் ப்ளான்தான், ஆனால் டவுன்லோட் ஆகும்போது 12 என்று காட்டுகிறதே. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. ப்ளான் மெகாபிட்டில் சொல்லப்படுகிறது, டவுன்லோட் மெகாபைட்டில் காட்டப்படுகிறது. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. சரியாகத்தான் வருகிறது.

கையெழுத்துப் போடும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

முதலில், சலுகை விலை எத்தனை மாதத்துக்கு, அதன் பிறகு விலை எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு வருட மொத்தச் செலவைக் கணக்குப் போட்டால்தான் இரண்டு கம்பெனிகளை நியாயமாக ஒப்பிட முடியும். இன்ஸ்டாலேஷன் கட்டணம், ரவுட்டர் வாடகை, டெபாசிட், வரி எல்லாவற்றையும் அதில் சேருங்கள். சொன்ன விலைக்கும் முதல் பில்லுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இந்த நான்கில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்தது "அன்லிமிடெட்" என்ற சொல். பல ப்ளான்களில் ஒரு குறிப்பிட்ட ஜிபி தாண்டியதும் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். அந்த அளவு எத்தனை ஜிபி, குறைந்த பிறகு வேகம் எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். உங்கள் வீட்டுப் பயன்பாடு தெரியாவிட்டால் இப்போதைய கம்பெனியின் ஆப்பிலோ பில்லிலோ மாதக் கணக்கு இருக்கும், அதோடு ஒப்பிடுங்கள்.

ஒப்பந்தக் காலம் எவ்வளவு, நடுவில் விட்டால் அபராதம் என்ன, வீடு மாறினால் கனெக்ஷனும் கூட வருமா என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆறு மாதம், ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். தெரியாத கம்பெனிக்கு எடுத்த எடுப்பில் ஒரு வருடப் பணத்தைக் கட்ட வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஒரு மாதம் ஓட்டிப் பார்த்துவிட்டு அந்தத் தள்ளுபடிக்கு மாறிக்கொள்ளலாம். வாய்மொழியாகச் சொன்ன எல்லாவற்றையும் ஒரு மெசேஜிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விற்க வரும் பிரதிநிதி அடுத்த மாதம் அதே வேலையில் இருப்பார் என்று சொல்ல முடியாது.

பழைய கனெக்ஷனை எப்போது நிறுத்துவது?

இந்தப் பக்கத்தில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். புதியது வரும் தேதி என்று சொல்வது உத்தேசமான தேதி. கேபிள் இழுக்க அனுமதி கிடைக்காமல் போகலாம், தெருவில் உள்ள இணைப்புப் பெட்டி நிரம்பியிருக்கலாம், வந்த ஆளிடம் ஓஎன்டி (ஃபைபரில் வரும் ஒளியை வீட்டில் நெட்டாக மாற்றும் கருவி) இல்லாமல் இருக்கலாம். அதற்குள் பழையதை ரத்து செய்திருந்தால் வீடு முழுவதும் போன் டேட்டாவில் ஓட வேண்டிவரும்.

குறைந்தது ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் இரண்டையும் சேர்த்து வைத்திருங்கள். அந்த இரண்டு வாரக் கூடுதல் பணம் வீண் செலவு கிடையாது. வார நாள் வேலை நேரம், வார இறுதி இரவு, முடிந்தால் ஒரு மழை நாள் என்று எல்லாச் சூழலிலும் புதியதை ஓட்டிப் பார்க்க அந்த நாட்கள் தேவை. வீட்டின் முக்கிய வேலைகளை எல்லாம் புதியதில் மாற்றிவிட்டு, பழைய ரவுட்டரை அணைத்து வையுங்கள். யாரும் அதைத் தேடாமல் ஒரு வாரம் போனால் ரத்து செய்ய நேரம் வந்துவிட்டது.

பழைய கம்பெனியில் எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். 30 நாள் முன்னறிவிப்பு கேட்டால் அதைக் கணக்கில் கொண்டு புதியதை ஏற்பாடு செய்யலாம். புதிய கம்பெனியே பழையதையும் ரத்து செய்து கொடுக்கும் நடைமுறை உள்ள இடங்களும் உண்டு. அங்கே நீங்களாகப் போய் ரத்து செய்தால் குழப்பம்தான் வரும், புதிய கம்பெனியிடம் கேட்டுக்கொண்டு அதன்படி செய்யுங்கள்.

ரத்து செய்யும்போது என்ன கவனிக்க வேண்டும்?

ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்திவிட்டு "கனெக்ஷனை விட்டாச்சு" என்று இருந்துவிடாதீர்கள். கம்பெனியின் கணக்கில் நீங்கள் இன்னும் வாடிக்கையாளர்தான், பாக்கி ஏறிக்கொண்டே போகும். முதலில் ரத்துக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து அதற்கான எண்ணை வாங்குங்கள். கடைசி பில்லைக் கட்டுங்கள். அப்புறம் ஆட்டோ டெபிட்டை நிறுத்துங்கள்.

கம்பெனி கொடுத்த ரவுட்டர், ஓஎன்டி, அடாப்டர், செட்டாப் பாக்ஸ் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுக்கும் முன் சீரியல் எண் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ரவுட்டரின் பின்பக்கச் சிறு துளையில் ஊசியால் 10 நொடி அழுத்திப் பிடித்து ரீசெட் செய்யுங்கள், உங்கள் வைஃபை பாஸ்வேர்டு அதில் இருந்து போய்விடும். வாங்கிக்கொண்டதற்கு ரசீது இல்லாமல் எதையும் கையை விட்டு அனுப்பாதீர்கள். டெபாசிட் திரும்ப வருவதும், "கருவி வரவில்லை" என்று மாதங்கள் கழித்து பில் வராமல் இருப்பதும் அந்த ரசீதில்தான் இருக்கிறது. பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு மின்னஞ்சலும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீங்கள் விலகப் போவதாகச் சொன்னதும் திடீரென்று பாதி விலைக்குத் தருவதாகச் சொல்வார்கள். விலைக்காக மட்டும் மாறுகிறீர்கள் என்றால் ஏற்றுக்கொள்வதில் தவறில்லை. லைன் அடிக்கடி நிற்பதால் மாறுகிறீர்கள் என்றால் பாதி விலையிலும் அது நிற்கத்தான் செய்யும்.

லேண்ட்லைன் நம்பரும் கம்பெனி கொடுத்த மின்னஞ்சலும் என்ன ஆகும்?

லேண்ட்லைன் நம்பரைப் புதிய கம்பெனிக்கு மாற்ற முடியுமா என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். முடியும் என்றால், பழைய கனெக்ஷன் உயிரோடு இருக்கும்போதே புதிய கம்பெனி மூலமாகக் கோரிக்கை வைக்க வேண்டும். ரத்தான பிறகு கேட்டால் நம்பர் போனதுதான்.

மின்னஞ்சல் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டிய விஷயம். கம்பெனியின் பெயரில் முடியும் முகவரியை வங்கி, காப்பீடு, பள்ளி, அரசுக் கணக்குகளில் கொடுத்திருந்தால், கனெக்ஷன் போனதும் பாஸ்வேர்டு மீட்கும் வழியும் போய்விடும். வீட்டில் பெரியவர்கள் வைத்திருக்கும் பழைய முகவரிகளையும் விசாரியுங்கள், அவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எந்தக் கம்பெனியையும் சாராத ஒரு முகவரிக்கு எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, பழைய மின்னஞ்சல்களை இறக்கி வைத்துக்கொண்ட பிறகு ரத்து செய்யுங்கள்.

என்னிடம் நல்ல ரவுட்டர் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

நீங்கள் காசு கொடுத்து வாங்கியது என்றால் பெரும்பாலும் பயன்படுத்தலாம். பழைய கம்பெனி கொடுத்தது என்றால் அது அவர்கள் நெட்வொர்க்குக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். ஃபைபரில் ஓஎன்டி என்ற கருவி புதிய கம்பெனியுடையதாகவே இருக்கும், அதற்குப் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டலாம். அப்போது ஓஎன்டியை பிரிட்ஜ் முறையில் (ரவுட்டர் வேலை பார்க்காமல் நெட்டை மட்டும் கடத்தும் முறை) வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கருவிகளும் ரவுட்டர் வேலை பார்க்கும். சாதாரணப் பயன்பாட்டில் அது தெரியாது, ஆனால் கேம், கேமரா, விபிஎன் போன்றவற்றில் தொல்லை தரும்.

கனெக்ஷனுக்கு பிபிபிஓஇ (கம்பெனி நெட்வொர்க்கில் உள்நுழையும் முறை) யூசர்நேம், பாஸ்வேர்டு, ரவுட்டரில் போட வேண்டிய வி-லேன் எண் தேவையா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் ரவுட்டரின் மேக் முகவரியை (அந்தக் கருவிக்கென்று உள்ள அடையாள எண்) தங்கள் பக்கம் பதிவு செய்து வைத்திருக்கும், ரவுட்டரை மாற்றினால் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்ய ஆள் வரும் நாளில் நான் என்ன செய்ய வேண்டும்?

கூடவே நில்லுங்கள். கேபிள் எந்த வழியாக வர வேண்டும், ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்து வையுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் ப்ளக் பாயின்ட்டிலேயே மாட்டிவிடுவார்கள், பிறகு நகர்த்த மனம் வராது. வாடகை வீடு என்றால் சுவரில் துளை போட வீட்டு உரிமையாளரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

ஃபைபர் இழையைக் கதவிடுக்கில் நசுங்கவோ, கூர்மையாக மடங்கவோ விடாதீர்கள். மடங்கும் இடத்தில் ஒளி கசிந்துவிடும். அதன் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்க்கக் கூடாது, குழந்தைகளையும் பார்க்க விடாதீர்கள். உள்ளே வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கக்கூடியது.

வேலை முடிந்ததும் ஓஎன்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். அவர்களிடம் பவர் மீட்டர் இருக்கும். ஜிபானில் வழக்கமாக மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டிபிஎம் (ஒளியின் அளவைச் சொல்லும் அலகு) வரை ஏற்கப்படும் அளவு. மைனஸ் 20 பக்கம் இருந்தால் நிம்மதி. மைனஸ் 26, 27 என்று விளிம்பில் இருந்தால் இன்றைக்கு ஓடும், நாளைக்கு ஒரு மூட்டு அழுக்கானாலே நின்றுபோகும். அந்த நேரத்திலேயே இணைப்பைச் சுத்தம் செய்து மறுபடி ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஆள் கிளம்பிய பிறகு இதைச் செய்ய வைப்பது கடினம்.

கடைசியாக, லேன் கேபிளில் லேப்டாப்பை இணைத்து வேகச் சோதனை. சோதனைத் தளம் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த சர்வரையே தானாகத் தேர்ந்தெடுக்கும், அதில் எண் அழகாகத்தான் வரும். வேறு நெட்வொர்க்கில் உள்ள ஒரு சர்வரையும் தேர்ந்தெடுத்துச் சோதித்துப் பாருங்கள். இதெல்லாம் சரியாக வந்த பிறகே முடிந்தது என்று கையெழுத்துப் போடுங்கள்.

டிவி, போன், பல்பு, கேமரா எல்லாவற்றிலும் புதிய பாஸ்வேர்டு போட வேண்டுமா?

வேண்டியதில்லை. புதிய ரவுட்டரில் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்துக்கு எழுத்து அப்படியே வைத்தால் பெரும்பாலான கருவிகள் தாமாகவே சேர்ந்துகொள்ளும். பழைய ரவுட்டரை அந்த நேரத்தில் அணைத்து வையுங்கள். சேராமல் நிற்கும் கருவி இருந்தால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஸ்மார்ட் பல்பு, ப்ளக் போன்றவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே இயங்கும், அது அணைந்திருக்கலாம். அல்லது புதிய ரவுட்டரில் டபிள்யூபிஏ3 என்ற புதிய வைஃபை பாதுகாப்பு முறை மட்டும் இயங்கும்படி இருக்கலாம், பழைய கருவிகளுக்கு டபிள்யூபிஏ2-வும் வேண்டும்.

பழைய பாஸ்வேர்டு வந்து போன எல்லோருக்கும் தெரிந்திருந்தால் இந்த வசதியை விட்டுவிட்டுப் புதிதாகவே வையுங்கள். எப்படியானாலும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

மாறிய பிறகு கேமராவை வெளியிலிருந்து பார்க்க முடியவில்லை. ஏன்?

புதிய கம்பெனி உங்களுக்குத் தனிப் பொது ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் வீட்டை அடையும் எண்) தரவில்லை என்பது பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், உலகத்துக்கு அது போதவில்லை. அதனால் பல கம்பெனிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை வைக்கின்றன. இதற்கு சிஜிநாட் என்று பெயர். உள்ளிருந்து வெளியே போவதற்குத் தடையில்லை, வெளியிலிருந்து உங்கள் வீட்டை நேராகத் தட்டத்தான் முடியாது.

கண்டுபிடிப்பது எளிது. ரவுட்டரின் பக்கத்தில் காட்டும் வெளி ஐபியையும், "என் ஐபி என்ன" என்று இணையத்தில் தேடினால் வரும் எண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால் சிஜிநாட்தான். தீர்வுகள் மூன்று. கூடுதல் கட்டணம் கட்டி நிலையான ஐபி வாங்கலாம். கேமரா கம்பெனியின் கிளவுட் ஆப் வழியாகப் பார்க்கலாம், அதற்குப் பொது ஐபி தேவையில்லை. இரு பக்கமும் ஐபிவி6 என்ற புதிய வகை முகவரி இருந்தால் அதன் வழியாகவும் போகலாம். இந்தத் தேவை உள்ளவர்கள் சேரும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

ஸ்பீட் டெஸ்டில் நல்ல எண் வருகிறது, ஆனால் வீடியோ காலில் குரல் உடைகிறது. எப்படி?

பேச்சுக்கு வேகத்தைவிட முக்கியமானவை தாமதம், தாமதத்தின் ஏற்ற இறக்கம், வழியில் தொலையும் தகவல் ஆகியவை. ஒரு வழித் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும். தகவலில் ஒரு சதவீதம் தொலைந்தாலே குரல் வெட்டத் தொடங்கலாம், ஆனால் ஸ்பீட் டெஸ்டின் பெரிய எண்ணில் அது தெரியாது.

கணினியில் பிங் கட்டளையை (ஒரு தகவல் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டுவது) 1.1.1.1 அல்லது 8.8.8.8 முகவரிக்குச் சில நிமிடங்கள் ஓட விடுங்கள். ஒரு முறை வைஃபையில், ஒரு முறை கேபிளில். கேபிளில் சீராகவும் வைஃபையில் தாறுமாறாகவும் இருந்தால் பிரச்சினை வீட்டுக்குள். கேபிளிலும் விட்டுவிட்டு வந்தால் லைனில், அந்தப் பதிவை அப்படியே புகாரோடு அனுப்புங்கள். மூன்றாவதாக, யாராவது பெரிய ஃபைலை ஏற்றும்போது மட்டும் பிங் எண் பல மடங்கு ஏறுகிறதா என்று பாருங்கள். குறுகலான வாசலில் மூட்டை தூக்குபவர்கள் வரிசையாக நிற்கும்போது வெறுங்கையோடு வருபவரும் பின்னால் காத்திருக்க வேண்டியிருக்கிறது அல்லவா, உங்கள் குரலுக்கு நடப்பது அதுதான். ரவுட்டரில் இந்த நெரிசலை ஒழுங்குபடுத்தும் கியூஓஎஸ் அல்லது எஸ்கியூஎம் வசதி இருந்தால், மொத்த வேகத்தில் 90 சதவீதத்தை வரம்பாக வைத்து அதை இயக்குங்கள். எண் கொஞ்சம் குறையும், பேச்சு தெளிவாகிவிடும்.

மின்சாரம் போனால் நெட்டும் போய்விடுமா?

ஃபைபர் என்றால் போக வேண்டியதில்லை. கம்பெனி மையத்துக்கும் உங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒளியைப் பிரிக்கும் பெட்டிக்கு மின்சாரமே தேவையில்லை. வீட்டில் ஓஎன்டிக்கும் ரவுட்டருக்கும் மின்சாரம் கொடுத்தால் போதும். இவை பெரும்பாலும் 12 வோல்ட்டில் ஓடுபவை, ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று சில மணி நேரம் தாங்கும். வாங்கும் முன் இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். டிவி கேபிளில் வரும் நெட்டுக்கு இது அப்படியே பொருந்தாது, தெருவில் உள்ள ஆம்ப்ளிஃபையர்களுக்கும் மின்சாரம் வேண்டும்.

மாறியாகிவிட்டது, ஆனால் புதியதும் சரியில்லை. இப்போது என்ன?

பழையதை இன்னும் ரத்து செய்யவில்லை என்றால் அவசரமே இல்லை. பல கம்பெனிகள் முதல் சில நாட்களுக்குள் விலகினால் முழுப் பணத்தையும் திருப்பித் தரும் விதியை வைத்திருக்கின்றன, ஒப்பந்தத்தில் தேடிப் பாருங்கள். ஓஎன்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை என்று பொருள், ரவுட்டரை அணைத்துப் போட்டுப் பயனில்லை, நேராகப் புகார் கொடுங்கள். விளக்குகள் எல்லாம் பச்சையாக இருந்தும் நெட் இல்லை என்றால் ஒரு முறை அணைத்துப் போட்டுப் பாருங்கள், அதன் பிறகும் வராவிட்டால் யூசர்நேம் அல்லது கணக்குப் பக்கம் சிக்கல் இருக்கலாம். அதைப் பெரும்பாலும் போனிலேயே சரிசெய்துவிடுவார்கள், ஆள் வரக் காத்திருக்க வேண்டாம்.

ஒவ்வொரு புகாருக்கும் எண் வாங்குங்கள். எண் இல்லாத புகார் அவர்கள் கணக்கில் நடக்கவே இல்லை. தேதி, நின்ற நேரம், திரும்ப வந்த நேரம் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். இரண்டாவது முறையும் சரியாகவில்லை என்றால் மேல்நிலைப் புகார்ப் பிரிவுக்கு எழுத்தில் போங்கள், அந்தத் தாளையும் சோதனைப் படங்களையும் இணையுங்கள். அங்கேயும் பதில் வராவிட்டால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புக்கோ நுகர்வோர் குறைதீர் அமைப்புக்கோ போகலாம். அங்கே முதலில் கேட்பதும் புகார் எண்களைத்தான்.